பண்ணையாள் கூலியாளான வழி: ஓர் ஊரின் மாற்றத்தைக் கணக்குகளில் தேடுவது எப்படி

நிலப்பிரபுத்துவம் போய் முதலாளித்துவம் வந்தது என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். சென்னையைச் சுற்றியுள்ள ஏதாவது ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, அங்கே அது எப்போது நடந்தது, யார் கையை விட்டு எது போனது, யார் கையில் எது தங்கியது என்று கேட்டால் அந்த ஒரு வரி போதாது. விடை பல அலுவலகங்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அவற்றை எங்கே தேடுவது, எப்படி ஒட்டவைப்பது, எந்த இடத்தில் சறுக்கும் என்பதே இந்தக் குறிப்பு. ஆய்வு மாணவர்களை மட்டும் மனதில் வைத்து எழுதவில்லை. பட்டா, சிட்டா படிக்கத் தெரிந்த எவரும் இதைச் செய்யலாம்.

முதலில் கேள்வியைத் திருத்திக்கொள்ளுங்கள்

பலரும் "எந்த ஆண்டில் மாறியது" என்று ஒரு தேதியைத் தேடிக் கிளம்புகிறார்கள். அப்படி ஒரு தேதி எங்குமே இல்லை. இந்த மாற்றத்துக்கு முன்மாதிரியாகக் காட்டப்படும் இங்கிலாந்தையே பாருங்கள். 1348-இல் வந்த கொள்ளைநோயில் ஆள் குறைந்து கூலி ஏறியது. ஏறிய கூலியை அமுக்க 1351-இல் சட்டம் போட்டார்கள். 1381-இல் குடியானவர் கலகம் வெடித்தது. பண்ணையடிமைத் தளை மெல்லத் தளர்ந்தது. பொது மேய்ச்சல் நிலங்களை வேலி போட்டு வளைப்பது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பார்லிமென்ட் சட்டங்களின் துணையோடு வேகமெடுத்தது. பிரபுவின் ஏட்டில் பதிந்து நிலம் வைத்திருக்கும் பழைய காபிஹோல்டு முறை சட்டப்படி ஒழிந்தது 1926-இல்தான். ரஷ்யாவில் பண்ணையடிமைகளை 1861-இல் விடுவித்தார்கள், ஆனால் கிடைத்த நிலத்துக்கான மீட்புத் தவணையைக் குடியானவர்கள் 1907 வரை கட்ட வேண்டியிருந்தது. அரசாணை வந்த நாள் ஒன்று, ஊரில் கை மாறிய காலம் வேறு.

ஆகவே தேதிக்குப் பதில் நான்கு கேள்விகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு காலத்துக்கும் விடை நிரப்புங்கள். நிலம் யார் பெயரில், எந்த வகை உரிமையில் இருந்தது? விளைந்தது எப்படிப் பங்கானது? உழுத ஆள் நினைத்தால் ஊரை விட்டுப் போக முடிந்ததா? அவன் குடிசை நின்ற மனை யாருடையது?

முதல் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடும் கட்டுரைகளே அதிகம். மூன்றாவதும் நான்காவதும்தான் உயிர்நாடி. முதலாளித்துவத்துக்கு வேண்டியது, தன் உழைப்பை யாருக்கு வேண்டுமானாலும் விற்கக்கூடிய, விற்றே தீர வேண்டிய ஆள். அப்படி ஓர் ஆள் உங்கள் ஊரில் எப்போது உருவானான் என்பதை நிலப் பதிவேடு நேராகச் சொல்லாது. மனையும் கடனும் சொல்லும்.

ஒரு நீள நோட்டில் நான்கு கேள்விக்கும் நான்கு பத்தி போடுங்கள். இடது ஓரத்தில் கீழ்க்கண்ட காலக்கட்டங்களை எழுதுங்கள்: 1800-க்கு முன், 1818 வாக்கில், 1870களின் செட்டில்மென்ட் (நிலத்தை வகைப்படுத்தித் தீர்வை நிர்ணயித்த பணி), 1892-க்குப் பின், 1920கள், 1948 முதல் 1972 வரை, யு.டி.ஆர். (நில ஆவணங்களைப் புதிதாக எழுதிய திட்டம்), இன்று. எல்லாக் கட்டமும் நிரம்பாது. வெற்றுக் கட்டத்தை ஊகத்தால் நிரப்பாமல் அப்படியே விடுங்கள்.

ஊரைத் தேர்ந்தெடுப்பது

ஏரிப் பாசனம், ஊர், தள்ளி ஒரு காலனி, இம்மூன்றும் உள்ள வருவாய்க் கிராமமாகப் பாருங்கள். மாநகருக்குள் முழுதாகக் கரைந்துவிட்ட ஊர்களில் அடங்கல் (ஆண்டுவாரிச் சாகுபடிக் கணக்கு) தொடர்ச்சி அறுந்துபோயிருக்கும். மாம்பலம் ஏரியை 1920களில் மனையாக்கித் தியாகராய நகர் எழுப்பியது போல, பல இடங்களில் ஏரியே இல்லை. பொன்னேரி, திருவள்ளூர், திருப்பெரும்புதூர், மதுராந்தகம் பக்கம் இன்னும் கணக்கு பிடிபடும்.

பழைய தாலுகா பெயரைத் தெரிந்துகொள்ளாமல் ஆவணக் காப்பகத்தில் காலடி வைக்காதீர்கள். இன்று சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு என்று பிரிந்துகிடக்கும் ஊர்களில் பெரும்பாலானவை பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியவை. 1997-இல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டானது, 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாக மறுபடி வந்தது. பழைய அட்டவணையில் உங்கள் ஊர் சைதாப்பேட்டைத் தாலுகாவில் இருக்கலாம். ஊர்ப் பெயரின் எழுத்தும் இடத்துக்கு இடம் மாறும், அதனால் கிராம எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அளவு, நாணயம், பசலி

இவற்றில் தவறினால் பிறகு போடும் கணக்கு எல்லாம் தவறும். பசலி என்பது வருவாய்க் கணக்கு ஆண்டு. அதோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஜூலை மாதத்தின் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. 1818 வரை கணக்கு பெரும்பாலும் வராகன், பணம், காசு என்ற பழைய நாணயங்களில் ஓடும். நூறு வராகனுக்கு முன்னூற்றைம்பது ரூபாய் என்ற விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். அதன் பிறகு ரூபாய், அணா, பைசா: 1 ரூபாய்க்கு 16 அணா, 192 பைசா.

செங்கல்பட்டுப் பக்கத்துக் காணி 57,600 சதுர அடி, அதாவது 1.32 ஏக்கர். ஒரு காணிக்கு 100 குழி, ஒரு குழி 24-க்கு 24 அடி. அதே காணியை 24-ஆல் வகுத்தால் 2,400 சதுர அடி. இன்று வேளச்சேரியிலும் அண்ணா நகரிலும் புரோக்கர் "ஒரு கிரவுண்டு" என்று சொல்வது இந்த மனையைத்தான். தஞ்சாவூர்ப் பக்கத்து வேலியையும் மாவையும் இங்கே கொண்டுவந்து கலக்காதீர்கள். நெல்லுக்குச் சென்னை அளவில் 8 படி ஒரு மரக்கால், 5 மரக்கால் ஒரு பறை, 80 பறை ஒரு கரிசை. ஆனால் மரக்கால் ஊருக்கு ஊர் வேறு. பண்ணை வாங்கும் மரக்கால் ஒன்று, கூலி அளக்கும் மரக்கால் இன்னொன்று என்றிருந்த இடங்களும் உண்டு. கணக்கில் "மரக்கால்" என்றிருந்தால் படியாக மாற்றாமல் அப்படியே எழுதி, எந்த ஊர் மரக்கால் என்று பக்கத்தில் குறியுங்கள்.

எழும்பூரில் தேட வேண்டியவை

தமிழ்நாடு ஆவணக் காப்பகம் எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, காந்தி இர்வின் சாலையில் இருக்கிறது. அடையாளச் சான்றும், என்ன தேடுகிறீர்கள் என்று விளக்கும் கடிதமும் எடுத்துப் போங்கள். அனுமதி விதிகள் மாறிக்கொண்டிருக்கும் என்பதால் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. பேனாவைப் பையில் வைத்துவிட்டுப் பென்சில் பயன்படுத்துங்கள். படம் எடுக்கவும் நகல் வாங்கவும் தனி அனுமதி தேவை.

"எங்கள் ஊர்க் கோப்பு" என்று கேட்டால் எதுவும் வராது. அரசாணைக்கு எண், தேதி, துறை மூன்றும் வேண்டும். அவை அட்டவணைத் தொகுதிகளில் கிடைக்கும். அதனால் முதல் இரண்டு நாளை அட்டவணைக்கே ஒதுக்குங்கள். ரெவின்யூ போர்டு (வருவாய் வாரியம்) நடவடிக்கைகளில் மிராசு (ஊர் நிலத்தில் பரம்பரைப் பங்குரிமை), தர்காஸ்து (அரசு நிலத்தை ஒப்படைக்கக் கேட்கும் விண்ணப்பம்), நத்தம் (குடியிருப்பு மனைப் பகுதி), பண்ணையாள், வீட்டுமனை ஆகிய தலைப்புகளைத் தேடுங்கள். தலைப்பின் கீழ் தாலுகா, தாலுகாவின் கீழ் ஊர் என்று இறங்குங்கள்.

1800-க்கு முந்தைய நிலைக்கு இரண்டு பெரிய ஆதாரங்கள். ஒன்று, 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டு ஜாகீரில் (கம்பெனிக்கு மானியமாக விடப்பட்ட பகுதி) பார்னார்டு நடத்திய அளவை. மற்றொன்று, 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் மிராசுதாரர்களோடு நடத்திய நீண்ட இழுபறி பற்றிய அறிக்கைகள். 1818 வாக்கில் சென்னைக் கலெக்டர் எல்லிஸ் மிராசு உரிமை பற்றித் திரட்டிய விளக்கங்களில் பங்கு எப்படி ஓடியது என்பது விரிவாக இருக்கிறது.

அதில் இரண்டு சொற்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பசுங்கரை, அறுதிக்கரை. பசுங்கரை ஊரில் மிராசுதாரர்கள் நிலத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை தங்களுக்குள் மாற்றிப் பங்கிட்டுக்கொள்வார்கள். ஒருவருக்குப் பங்கு உண்டு, ஆனால் "இந்த வயல் என்னுடையது" என்பது நிரந்தரமில்லை. அறுதிக்கரையில் வயல் பிரிந்து நிலைத்துவிடும். உங்கள் ஊர் பசுங்கரையிலிருந்து அறுதிக்கரைக்கு மாறிய சுவடு கிடைத்தால் தனியுடைமையின் முதல் படியைத் தொட்டுவிட்டீர்கள். சுவடு கிடைக்காத ஊர்களும் நிறைய.

1879-இல் வெளிவந்த செங்கல்பட்டு மாவட்டக் கையேட்டைப் பாந்தியன் சாலையில் உள்ள கன்னிமாரா நூலகத்தில் கேளுங்கள். எழும்பூரிலேயே இருப்பதால் காப்பகத்துக்கும் நூலகத்துக்கும் ஒரே பயணத்தில் போய்வரலாம். பழைய இதழ்கள், துண்டுப் பிரசுரங்கள், தமிழ் அச்சு நூல்கள் வேண்டுமானால் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

செட்டில்மென்ட் பதிவேட்டைக் கூட்டிப் பார்ப்பது

1870களில் இந்தப் பகுதியில் நடந்த செட்டில்மென்ட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு வரி எழுதினார்கள். பழைய பைமாஷ் (முந்தைய அளவை) எண், நஞ்சையா புஞ்சையா புறம்போக்கா, பாசன ஆதாரம், மண் வயனமும் ரகமும், தரம், பரப்பு, தீர்வை, பட்டா எண், பட்டாதார் பெயர் என்று அந்த வரி நீளும். ஒரு நடுத்தர ஊருக்குச் சில நூறு வரி வரும். அத்தனையையும் கணினியில் ஏற்றுங்கள். குறுக்கு வழி இல்லை.

ஏற்றியபின் பட்டா எண்படி நஞ்சையை மட்டும் கூட்டி, பெரிய பத்துப் பட்டாவின் கையில் ஊர் நஞ்சையில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். இரண்டு இடத்தில் கணக்கு சறுக்கும். ஒரே ஆளுக்குத் தனிப்பட்டா ஒன்று, கூட்டுப்பட்டாவில் பெயர் ஒன்று என இரண்டிலும் இருக்கும். தகப்பன் பெயரை வைத்துத்தான் இணைக்க முடியும். கூட்டுப்பட்டாவைப் பெயர் எண்ணிக்கையால் சமமாக வகுத்தால் பங்கு விகிதம் கெடும். மிராசுப் பங்குகள் எட்டில் ஒன்று, பதினாறில் மூன்று என்று ஏற்றத்தாழ்வாகத்தான் இருந்தன. வகுக்காமல் தனிப் பத்தியாக வையுங்கள்.

இதே கூட்டலை யு.டி.ஆர். பதிவேட்டுக்கும் செய்யுங்கள். 1979 முதல் 1987 வரை நடந்த இந்தத் திட்டத்தில் நில ஆவணங்கள் புதிதாக எழுதப்பட்டன. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கும் ஒப்புமைப் பட்டியல் தாலுகா அலுவலகத்தில் இருக்கும். இணையத்தில் ஏ-பதிவேடும் பட்டாவும் கிடைக்கின்றன, ஆனால் அவை இன்றைய நிலை மட்டுமே. பழைய கிராமக் கணக்கு வி.ஏ.ஓ.விடம் முழுமையாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 1980 நவம்பரில் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது, பல ஊர்களில் கணக்குக் கட்டுகள் அவர்கள் வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டன. குடும்பத்தாரிடம் பொறுமையாகக் கேட்டால் கிடைக்கும். அதட்டிக் கேட்டால் கரையான் தின்றுவிட்டது என்பார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பட்டாதார் வேறு, உழுதவர் வேறு. பட்டாதார் எண்ணிக்கை கூடியதைப் பார்த்து "நிலம் பரவலாகிவிட்டது" என்று எழுதினால் பிழை. அதே குடும்பம் பாகம் பிரித்துக்கொண்டதாக இருக்கலாம். நில உச்சவரம்புச் சட்டம் 1961-இல் வந்தபோது ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத் தரத்துக்கேற்பக் கணக்கிடும் ஏக்கர்) என்ற வரம்பை 1960 ஏப்ரல் 6 நிலவரப்படி கணக்கிட்டார்கள். 1970-இல் அது 15-ஆகக் குறைந்தது. 1970 பிப்ரவரி 15 கணக்கு நாள். இந்த இரண்டு தேதிகளுக்கும் முன்னும் பின்னும் பாகப்பிரிவினை, தான செட்டில்மென்ட், டிரஸ்ட் பத்திரங்கள் குவிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். குவிந்திருந்தால் பெயர்தான் பிரிந்தது, களம் ஒன்றாகவே இருந்தது.

மனை: எல்லோரும் தாண்டிப்போகும் வரி

செட்டில்மென்ட் பதிவேட்டில் நத்தம் என்று வரும் வரிகளைத் தனியாக எடுங்கள். ஊர் நத்தம் ஒரு சர்வே எண்ணிலும் சேரி நத்தம் வேறு எண்ணிலும் இருக்கும். பழைய ஏட்டில் சேரி நத்தத்தைச் சாதிப் பெயரோடேயே எழுதியிருப்பார்கள். சில ஊர்களில் சேரிக்கு நத்தமே இருக்காது. குடிசைகள் நின்றது மிராசுதாரின் பட்டா நிலம். அங்கேதான் முடிச்சு.

படியாள் (பண்ணையில் கட்டுண்டு உழைக்கும் ஆள்) வேலைக்கு வரவில்லையென்றால் அடிக்க வேண்டியதில்லை, குடிசையைப் பிரிக்கச் சொன்னால் போதும். அடிமை முறையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று 1843-இல் சட்டம் வந்தது. 1862-இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் அடிமை விற்பனையைக் குற்றமாக்கியது. இரண்டும் மனையைத் தொடவில்லை. அதற்கு நடுவே 1859-இல் வந்த இன்னொரு சட்டம் எதிர்த்திசையில் இழுத்தது. முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராத ஆளைக் குற்றவியல் நீதிமன்றத்தில் நிறுத்த வழி செய்த அது முதலில் சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களுக்காகப் பிறந்தது. 1925-இல்தான் ரத்தானது. அடிமை என்ற பெயர் போய்க் கடன் என்ற பெயர் வந்த இந்த இடைவெளியை உங்கள் நோட்டின் மூன்றாவது பத்தியில் குறியுங்கள்.

1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் தந்த அறிக்கை மனைச் சிக்கலை நேராகத் தொட்டது. தரிசுக்குத் தர்காஸ்து போட்டால் மிராசுதாருக்கே முதல் உரிமை, குடியிருக்கும் மனையும் அவர்களுடையது, அப்புறம் சேரி மக்கள் எப்படி எழுவார்கள் என்பது அதன் சாரம். 1892-இல் இதை ஒட்டிப் பிறந்த அரசாணையிலிருந்துதான் பஞ்சமி நிலம், அதாவது ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு அரசு ஒப்படைத்த நிலம், வருகிறது. முதல் பத்து ஆண்டுக்கு விற்க முடியாது, அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது ஒப்படை நிபந்தனை. பதிவேட்டில் "டி.சி." (டிப்ரஸ்டு கிளாஸ், ஒடுக்கப்பட்ட வகுப்பு) என்ற குறி, அல்லது நிபந்தனை ஒப்படை என்ற குறிப்பு இருந்தால் அந்தச் சர்வே எண்ணை யு.டி.ஆரில் தேடுங்கள். பெயர் மாறியிருக்கிறதா, எந்தப் பத்திரத்தின் வழியாக மாறியது என்று பார்ப்பதற்கு அடுத்த கட்டம் உதவும்.

1920-க்குப் பின் லேபர் கமிஷனர் வழியாக அரசு வீட்டுமனைகளைக் கையகப்படுத்திக் கொடுக்கத் தொடங்கியது. ஆகவே "லேபர்" தலைப்பின் கீழ் வரும் அரசாணைகளில் ஆலைத் தொழிலாளர் மட்டுமல்ல, உங்கள் ஊர்ச் சேரியும் இருக்கக்கூடும். அடுத்த பெரிய கட்டம் 1971-இல் வந்த குடியிருப்பு அனுபவதாரர் உரிமைச் சட்டம். விவசாயத் தொழிலாளி குடியிருந்த மனை அவருக்கே சொந்தமாக வழி வந்தது அதில்தான். உங்கள் ஊரில் அந்தச் சட்டப்படி எத்தனை பேருக்குப் பட்டா கிடைத்தது என்று தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள், தகவல் உரிமை மனு போட்டால் பதில் வரும்.

சார்பதிவாளர் அலுவலகம்

1975-க்குப் பிந்தைய வில்லங்கச் சான்றை இணையத்திலேயே பெரும்பாலும் எடுத்துவிடலாம். அதற்கு முந்தையவற்றுக்கு நேரில் போக வேண்டும். பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி, அசையாச் சொத்து பற்றிய முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். "நீங்கள் சொத்துக்காரரா" என்று கவுண்டரில் கேட்டால் இந்தப் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள். உயில் புத்தகம் இப்படித் திறந்ததில்லை.

பத்திரத்தில் விலையைவிடச் சொத்து விவரத்தைக் கவனியுங்கள். பழைய கிரயச் சாசனத்தில் நிலம் இப்படி வரும்: ஊரில் இத்தனை பங்கு, அந்தப் பங்குக்குள்ள நஞ்சை, புஞ்சை, தோப்பு, மனை, சமுதாயப் பாத்தியம், நிதி நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று அட்டபோக (எட்டு வகை அனுபவ) உரிமைகள் எல்லாம். ஊரே ஒரு உடம்பு, விற்பது அதில் ஓர் அவயவம். மிராசுப் பங்கோடு அடியாட்களையும் சேர்த்துக் கைமாற்றிய சாசனங்களும் இருந்திருக்கின்றன. காலம் போகப் போகச் சமுதாயப் பாத்தியம் மெலிந்து, சர்வே எண்ணும் ஏக்கர் செண்டும் நாலு எல்லையும் நிற்கும். கடைசியில் "மனை எண் இத்தனை, வடக்கில் 30 அடி ரோடு, சதுர அடி 2,400" என்று வந்துவிடும். ஒரே நிலத்துக்கு இப்படி நான்கைந்து பத்திரங்களை வரிசையாக அடுக்கினால், நிலம் ஓர் உறவாக இருந்து சரக்கானதைப் பக்கம் பக்கமாகக் காட்டலாம். மொத்த வேலையிலும் வாசகரை உட்கார வைப்பது இந்த அடுக்குதான்.

ஒத்தி, போக்கியம், அடமானப் பத்திரங்களைத் தனிப் பட்டியலாக்குங்கள். கடன் கொடுத்தவர் ஊர்க்காரரா, பட்டணத்து மார்வாடியா, வங்கியா, கூட்டுறவுச் சங்கமா என்று குறியுங்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஒத்தி அதிகமாகிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள்.

களமும் கூலியும்

ஏட்டில் கிடைக்காத பகுதி இது. எழுபது தாண்டியவர்களிடம் கேட்க வேண்டும். முதலில் காலனிக்குப் போங்கள், பிறகு ஊருக்கு. ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் காபி குடித்துவிட்டுக் காலனிக்குள் நுழைந்தால் அங்கே உங்களுக்குக் கிடைப்பது மரியாதை மட்டும்தான், பேச்சு கிடைக்காது.

"நிலப்பிரபுத்துவம் எப்படி இருந்தது" என்று கேட்காதீர்கள். களத்துமேட்டை நினைவுபடுத்துங்கள். "தாத்தா, நெல் அளக்கும்போது யார் யாருக்கு முதல்ல எடுத்து வெச்சாங்க?" என்று தொடங்கினால் வெட்டியான், காவல்காரர், தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் என்று மேரை (ஊர் வேலைக்காரர்களுக்குக் களத்தில் அளக்கும் நெல் பங்கு) வரிசை தானாக வரும். பிறகு நிலக்காரர் பங்கு, வாரதார் (விளைச்சல் பங்குக்கு உழுபவர்) பங்கு, கடைசியாகப் படியாளுக்கு அளந்தது. "ஆயா, நாத்து நடக் கூலி நெல்லா, காசா? காசானது எப்போ?" என்பது அடுத்தது. ஆண்டு கேட்டால் தடுமாறுவார்கள். ஐ.ஆர். எட்டு நெல் வந்தபிறகா, அண்ணா இறந்ததற்கு முன்னா, எமர்ஜென்சி காலமா, எம்.ஜி.ஆர். ஆட்சியா என்று ஆணி அடித்துக் கேளுங்கள். பம்ப்செட், டிராக்டர், அறுவடை மெஷின் ஒவ்வொன்றும் வந்தபோது யாருக்கு வேலை போனது என்று தனியே கேளுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் காசுக்கூலி ஒரே சமயத்தில் வரவில்லை. பல ஊர்களில் அறுவடைக் கூலி மட்டும் கடைசி வரை நெல்லாகவே இருந்தது. அதைப் பழமை என்று ஒதுக்காதீர்கள். விலைவாசி ஏறும் காலத்தில் நெல்லாக வாங்குவது கூலிக்காரருக்கு லாபம். காசாக மாற்ற முதலில் துடித்தது எந்தப் பக்கம் என்று கேட்டுப் பாருங்கள், சில சமயம் விடை ஆச்சரியமாக இருக்கும்.

கூலியை ஒப்பிடும்போது ரூபாயை ரூபாயோடு வைக்காதீர்கள். அந்த நாள் கூலிக்கு எத்தனை படி அரிசி கிடைத்தது என்று மாற்றி வையுங்கள்.

தஞ்சாவூர்ச் சட்டங்களை இங்கே ஒட்டிவிடுவது இன்னொரு பிழை. 1952-இல் வந்த பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தஞ்சை மாவட்டத்துக்கானது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதை அடுத்து வந்த 1969 நியாயக் கூலிச் சட்டமும் அந்த வட்டாரத்தை மனதில் வைத்ததே. செங்கல்பட்டுப் பக்கம் பார்க்க வேண்டியவை 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டம், 1955 சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1963 இனாம் ஒழிப்புச் சட்டங்கள். உங்கள் ஊர் ரயத்துவாரியா (பட்டாதார் அரசுக்கு நேரே வரி கட்டும் ஊர்), ஜமீனா (ஜமீன்தார் வழியாகக் கட்டும் ஊர்), இனாமா (வரிச் சலுகையோடு மானியமாக விட்ட ஊர்) என்று தெரியாமல் எந்தச் சட்டத்தையும் எழுதாதீர்கள்.

போனவர்கள் எங்கே போனார்கள்

கிராமத்தில் கட்டு அவிழ்ந்தால் ஆட்கள் ஆலைக்குப் போவார்கள் என்பது மான்செஸ்டர் கதை. சென்னைக்கு அது அப்படியே பொருந்தாது. மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள்: நகரில் 1871-இல் ஏறத்தாழ 3.97 லட்சம், 1901-இல் 5.09 லட்சம், 1921-இல் 5.27 லட்சம். ஐம்பது ஆண்டில் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது 1856-இல், பக்கிங்காம் மில் 1876-இல். அப்படியும் நகரம் அத்தனை ஆளை உள்ளே இழுக்கவில்லை. பலர் கப்பலேறினார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டம், பர்மா, மலேயா, நேட்டால். மலேயா போவோருக்கு ஆவடியில் முகாமே இருந்தது. ஊரில் கேட்கும்போது "உங்கள் குடும்பத்தில் ரங்கூன், பினாங்கு, கண்டி போனவர் உண்டா" என்று சேர்த்துக் கேளுங்கள். திரும்பி வந்து முதல் நிலம் வாங்கியவர் யார் என்று பத்திர அட்டவணையில் தேடுங்கள்.

ஆலைக்குப் போனவர்களிடம் சாதி கரைந்துவிட்டதா என்பதற்குப் பெரம்பூர், புளியந்தோப்புப் பக்கம்தான் உரைகல். 1918 ஏப்ரலில் வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது, திரு.வி.க. அதன் முன்னணியில் நின்றார். மூன்றே ஆண்டில், 1921 வேலைநிறுத்தத்தின்போது, வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளருக்கும் மற்றவர்களுக்கும் இடையே புளியந்தோப்பில் மோதலும் தீவைப்பும் நடந்தன. ஆலை எல்லோரையும் கூலிக்காரராக்கியது, ஆனால் அவர்கள் வந்த சேரியையும் ஊரையும் கூடவே அழைத்து வந்தது. அந்த ஆண்டின் அரசாணைகளும் நாளிதழ்களும் இதற்கு வளமான ஆதாரம். ஒரு தரப்பு அறிக்கையை மட்டும் எடுத்து எழுதினால் சங்கத்தின் மீதோ சேரியின் மீதோ மொத்தப் பழியும் விழும். இரண்டையும் அருகருகே வையுங்கள்.

மக்கள்தொகைக் கணக்கில் தொழில் அட்டவணையை ஆண்டுக்கு ஆண்டு நேராக ஒப்பிடாதீர்கள். பண்ணை வேலையாள், வயல் கூலி, பொதுக் கூலி என்ற பிரிவுகள் ஒவ்வொரு கணக்கிலும் வெவ்வேறு விதமாகப் பிரிந்து சேர்ந்திருக்கின்றன. சாதி அட்டவணை 1931-க்குப் பின் பழையபடி கிடைக்காது.

நகரம் பக்கத்தில் இருந்தாலே பண்ணை உடைந்துவிடும் என்ற வாதத்தை இங்கே உரசிப் பார்க்கலாம். ஐரோப்பாவைப் பற்றி 1950களில் மார்க்சியப் பொருளியலாளர்களான டாபும் ஸ்வீசியும் மோதிக்கொண்டது இதில்தான். வணிகமும் நகரமும் வெளியிலிருந்து உடைத்தனவா, உள்ளே பிரபுவுக்கும் குடியானவனுக்கும் இருந்த இழுபறி உடைத்ததா? 1640 முதல் துறைமுகமும் ஏற்றுமதியும் இருபது மைல் தூரத்தில் இருந்தும், செங்கல்பட்டு ஊர்களில் படியாள் முறை இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது. மிராசுதார் பட்டணத்துச் சந்தைக்கு நெல் விற்றுக்கொண்டே படியாளையும் வைத்திருந்தார். எங்கள் கணிப்பில், இந்தப் பகுதியில் சந்தை வந்ததால் மட்டும் கட்டு அவிழவில்லை. போக ஓர் இடமும் திரும்பி வந்தால் நிற்க ஒரு மனையும் கிடைத்த ஊர்களில்தான் அவிழ்ந்தது. உங்கள் நோட்டின் மூன்றாம், நான்காம் பத்திகள் இதை மறுத்தால் மறுப்பையே எழுதுங்கள்.

இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கத்து ஊர் என்றால் 1990களுக்குப் பிந்தைய கையகப்படுத்தல் கோப்புகளையும் சேருங்கள். இழப்பீடு பட்டாதாருக்குப் போனது, குத்தகைக்கு உழுதவருக்கும் கூலிக்கும் என்ன கிடைத்தது என்று பாருங்கள். ஆலையில் நிரந்தர வேலை யாருக்கு, காண்ட்ராக்ட் வேலை யாருக்கு என்பதைப் பழைய பட்டாதார் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள்.

எழுதி வெளியிடும்போது, உயிரோடு இருப்பவர்கள் பெயருக்குப் பதில் பட்டா எண்ணையோ சுருக்கக் குறியையோ போடுங்கள். பஞ்சமி நிலம், குடியிருப்பு மனை இரண்டிலும் இன்றும் வழக்குகள் நடக்கின்றன. சர்வே எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் யாரோ ஒருவர் கோர்ட்டுக்கு அலைவார். ஒவ்வொரு சர்வே எண்ணையும் இரண்டு பேர் தனித்தனியே மூலத்தோடு சரிபார்க்க வேண்டும். சான்று நகல்களின் ஒரு தொகுப்பைக் காலனியிலும் ஒன்றை ஊர் நூலகத்திலும் கொடுத்துவிடுங்கள்.